சொட்டு

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் ராசிபுரம் பிரிவைத் தாண்டினால் இடது பக்கம் கொல்லிமலை உங்கள் கூடவே வரும். நாமக்கல் நெருங்க நெருங்க இன்னொரு காட்சி ஆரம்பிக்கும். எலும்புக்கூடு லாரிகள். கேபின் இல்லை, பாடி இல்லை, கதவு இல்லை. எஞ்சின், சேசிஸ், டயர், ஒரு ஸ்டீயரிங், அவ்வளவுதான். அதன் மேல் ஒரு ஆள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்துப்போய், ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு வருவார். அதற்குத் தோலும் சதையும் வைத்து, பூவும் மயிலும் வரைந்து அனுப்புவது காலங்காலமாக நாமக்கல்லின் வேலை. ஆஞ்சநேயரும் முட்டையும் எவ்வளவு பிரசித்தமோ அவ்வளவு பிரசித்தம் இதுவும்.

லாரி கட்டுகிற ஊரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. லாரியை ரிப்பேர் பார்க்கிற ஊர் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் மெயின் ரோட்டிலேயே போய்வந்தால் அது கண்ணில் படாது. ஒருவர் பட்டை மட்டும் பார்ப்பார். ஒருவர் ரேடியேட்டர் மட்டும். ஒருவர் செல்ஃப் மோட்டார். ஒருவர் பம்பும் நாசிலும் தவிர வேறு எதையும் தொட மாட்டார். கண் டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்ட முடியாது இல்லையா, அது மாதிரி. அந்த வரிசையில் ஸ்டீயரிங் பெட்டி மட்டும் பார்க்கிற ஒருவரிடம் ஒரு பழைய பென்ஸ் காரோடு போய் நின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கார் என்னுடையதில்லை. மாமாவுடையது. ராசிபுரம் பக்கத்தில் இருக்கிறார், வயது 74. 1975ல் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக ஒரு லாரி, பிறகு நான்கு லாரி என்று வளர்ந்தவர். இப்போது லாரி எதுவும் இல்லை. அந்த பென்ஸ் மட்டும்தான்.

லாரிக்காரருக்கு எதற்கு பென்ஸ் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1954ல் டாடாவும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டு நம் நாட்டில் லாரி செய்ய ஆரம்பித்தார்கள். 1969 வரை அந்த உறவு ஓடியது. அந்தக் காலத்து லாரிகளை ஜனங்கள் 'டாடா பென்ஸ்' என்றுதான் சொன்னார்கள். முகத்தில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். மாமா ஓட்டப் பழகியது அப்படிப்பட்ட ஒரு கிழட்டு லாரியில். 1995ல் அதே கம்பெனி புனேயில், டாடா வளாகத்திலேயே, கார் கட்ட ஆரம்பித்தது. இந்தியாவில் கட்டிய முதல் பென்ஸ் கார் அது. டபிள்யூ 124 என்று கார்ப் பைத்தியங்கள் சொல்லும் மாடல். பெட்டி மாதிரி, கோடு போட்ட மாதிரி, எந்த அலட்டலும் இல்லாத கார். அதில் 1996ஆம் வருட வண்டி ஒன்று 2005ல் கோயம்புத்தூரில் விலைக்கு வந்தபோது மாமா பேரமே பேசவில்லையாம். 'பானட்டுல அந்த நட்சத்திரத்தைப் பாத்ததும் கணக்கு மறந்துபோச்சு மாப்ள' என்பார்.

அந்த காரின் கீழேதான் ஒரு நாள் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. போர்டிகோ தரையில் நாலணா அகலத்துக்கு. மறுவாரம் எட்டணா அகலம். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கொதிக்கிற எண்ணெயில் ஊறிய ரப்பர், அதற்குப் பிறகும் அழுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

முதலில் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றினார். பிறகு வாரம் ஒரு தரம். பிறகு மூன்று நாளுக்கு ஒரு தரம். ஒரு வெள்ளிக்கிழமை சேலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில், ஒரு குறுகலான திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் தீர்ந்தால் ஸ்டீயரிங் அறுந்துவிடாது. உள்ளே பல்லோடு பல் கவ்விக்கொண்டேதான் இருக்கும், சக்கரம் திரும்பும். ஆனால் உதவிக்கு ஆள் இருக்காது. சொல்லப்போனால் பவர் இல்லாமலே செய்த பழைய வண்டியைவிட இது இன்னும் கனக்கும். உதவி இருக்கும் என்று நம்பிப் பல்லை அமைத்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் பம்பும் காய்ந்து தேயும், அது தனிச் செலவு.

மாமாவுக்கு வலது தோள் தூக்க வராது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு என்று சுற்றுலாப் பலகையில் பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1980களில் அந்த எழுபதிலும் பவர் ஸ்டீயரிங் இல்லாத லாரியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கியவர் அவர். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு. வளைவில் சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றுகொண்டு வளையத்தை இழுக்க வேண்டுமாம். சில சமயம் கிளீனரும் இந்தப் பக்கமிருந்து கை கொடுக்க வேண்டும். பழைய டிரைவர்கள் புதுப் பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் என்ன தெரியுமா? கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே விடாதே என்பதுதான். குழியில் சக்கரம் விழுந்தால் வளையம் உதறிக்கொண்டு திரும்பும். உள்ளே கட்டை விரல் இருந்தால் அதோடு போச்சு. மாமா இன்றைக்கும் பென்ஸை அப்படித்தான் பிடிப்பார். நான்கு விரல் மேலே, கட்டை விரல் வெளியே, ஏதோ சூடான அடுப்பைத் தொடுகிற மாதிரி.

அந்தத் தோளை வைத்துக்கொண்டு கல்லாகிப்போன ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். பின் சீட்டில் அத்தை. டயாலிசிஸ் முடிந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாராம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய், நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து, திரும்புகிற வழியில் அந்த அகலமான சீட்டில் காலை மடக்கித் தூங்கிக்கொண்டே வீடு வருவது அத்தையின் வழக்கம். வேறு வண்டியில் தூக்கம் வராது என்பார். டிரைவர் போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிரேக் போடுகிற தினுசிலேயே 'உங்க மாமா இல்ல' என்று தெரிந்துவிடுமாம்.

பெங்களூரிலிருக்கும் மகன் போன் செய்தான். 'வித்துருங்கப்பா. சின்னதா ஆட்டோமேடிக் ஒண்ணு வாங்கிக்கலாம். அம்மாவுக்கு நான் டிரைவர் ஏற்பாடு பண்றேன்.' அவன் சொன்னதில் தப்பில்லை. பெரிய ஊரில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, பெட்டியை ரிப்பேர் செய்கிற வழக்கமில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். எத்தனை நாளில் வரும் என்பதற்கு ஒரு புன்னகைதான் பதில். டயாலிசிஸுக்கு அந்தப் புன்னகை புரியாது.

மாமா என்னைக் கூப்பிட்டு, 'மாப்ள, நாமக்கல் வரைக்கும் வண்டிய நீ ஓட்டிட்டு வா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்' என்றார். ஆயில் டப்பா இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அந்தப் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. பலகை மேல் ஏழெட்டு லாரி ஸ்டீயரிங் பெட்டிகள், உரித்த பலாப்பழம் மாதிரி. மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். காரைப் பார்த்து மலைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'இதுலயும் அதே பொட்டிதானுங்க. லாரில பெருசு, இதுல சிறுசு' என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இன்றைய சின்ன கார்களில் ஸ்டீயரிங் வேறு தினுசு. நீளமான ஒரு பல்சட்டம், அவ்வளவுதான். இந்த பென்ஸிலும் லாரியிலும் இருப்பது பெட்டி. உள்ளே ஒரு திருகு. திருகின் மேல் ஒரு கட்டை. இரண்டுக்கும் நடுவே வரிசையாக எஃகுக் குண்டுகள் ஓடும், தேய்மானம் குறைவதற்காக. அந்தக் கட்டையின் பல், செக்டார் ஷாஃப்ட் என்கிற தடித்த தண்டைத் திருப்பும். அந்தத் தண்டு பெட்டியின் அடி வழியாக வெளியே வந்து டிராப் ஆர்மைப் பிடித்திருக்கும். பம்பு அனுப்புகிற எண்ணெய், நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் போய்க் கட்டையைத் தள்ளும். உங்கள் கார் டயரில் முப்பது பவுண்டு காற்று அடிப்பீர்கள். இந்தப் பெட்டிக்குள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்தால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஏறும். அந்த அழுத்தம் அத்தனையையும் வெளியே விடாமல் காக்க வேண்டியது தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையங்கள். ஆயில் சீல்.

'சீல் போச்சு, மாத்திடலாம்' என்று மாமா ஆரம்பித்தார். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டுப் பெட்டியை டீசல் போட்டுக் கழுவச் சொன்னார். காய்ந்ததும் மேஜையிலிருந்து ஒரு டப்பா எடுத்தார். பவுடர். நாம் முகத்துக்குப் போடுகிற பவுடர்தான். பெட்டி, ஓஸ், பம்பு எல்லாவற்றுக்கும் தூவி வெள்ளையடித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

'எண்ணெ எங்க சொட்டுதோ அங்கதான் ஒழுகுதுன்னு சொல்ல முடியாதுங்க. மேல ஓஸுல கசிஞ்சாலும் வழிஞ்சு வழிஞ்சு பொட்டியோட அடியிலதான் வந்து சொட்டும். சீலுன்னு நெனச்சுப் பொட்டியக் கழட்டிருவாங்க. கழட்டி, மாட்டி, மறுநாளும் சொட்டும்.'

ஐந்து நிமிடத்தில் பவுடரில் இரண்டு இடம் கறுத்தது. மேலே ரிட்டர்ன் ஓஸ் கிளிப்பில் லேசாக ஒரு கோடு. கீழே தண்டைச் சுற்றி நன்றாக ஒரு வட்டம். ஒரு டப்பா பவுடருக்கு இருக்கிற புத்தி கண்ணாடி போட்ட இடத்தில் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. மாமா மரியாதை தெரிந்தவர், சிரிக்க மட்டும் செய்தார்.

டிராப் ஆர்மைக் கழற்றுவதற்கு முன்னால் ஆர்மிலும் தண்டிலும் புள்ளி குத்தி அடையாளம் வைத்தார். புல்லர் போட்டு இறுக்கி, காத்திருந்து, இன்னும் கொஞ்சம் இறுக்கி... கால் மணி நேரம் கழித்து 'டப்' என்று விட்டது. சம்மட்டியால் ஒன்று போட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்றேன். வரும், ஆனால் அந்த அடி உள்ளே போய்க் குண்டு ஓடுகிற பாதையில் பள்ளம் போட்டுவிடும் என்றார். அப்புறம் ஸ்டீயரிங் திருப்பினால் கடக் கடக் என்று எண்ணிக்கொண்டே திரும்புமாம்.

பெட்டியைப் பிரித்துத் தண்டை வெளியே எடுத்தார்கள். சீல் உட்காருகிற இடத்தை மேஸ்திரி நகத்தால் தடவினார். என் விரலைப் பிடித்து அவரே தடவிக் காட்டினார். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிற எஃகில் நகம் தட்டியது. மெல்லிய ஒரு பள்ளம், பக்கத்தில் துருப் புள்ளிகள். வெளியே இருந்த ரப்பர் தொப்பி என்றைக்கோ கிழிந்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. மண் ஒட்டிய ரப்பர் வருடக்கணக்கில் சுரண்டிச் சுரண்டி எஃகையே தின்றிருக்கிறது.

'இதுல புது சீல் போட்டா மூணு மாசம். அப்பறம் மறுபடி என்ற மூஞ்சியத்தான் பாக்கோணும்' என்றார்.

அதாவது சொட்டுகிறது ரப்பர், நோய் இரும்பில். நிறையப் பேர் இங்கேதான் குறுக்கு வழி தேடுவார்கள். ஆயிலோடு கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்து ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் ரப்பர் உப்பும், ஒழுகல் நிற்கும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். கொஞ்ச நாளில் உள்ளேயிருக்கிற எல்லா ரப்பரும் கூழாகிவிடும். இன்னொரு வகை, கடையில் அதே அளவு என்று ஒரு சாதாரண ஆயில் சீலை வாங்கித் திணிப்பது. அளவு சரியாக இருக்கும். ஆனால் அது எண்ணெய் தெறிக்காமல் தடுக்கிற சீல், அழுத்தத்தைத் தாங்குகிற சீல் இல்லை. மாமாவே டிரைவராக இருந்த காலத்தில் இந்த இரண்டையும் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார்.

தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினார்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு காட்டும். கோடு எதுவும் இல்லை. இருந்திருந்தால்? வெல்டிங் வைக்கலாமா என்று சும்மா கேட்டேன். அதுவரை அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் முகம் மாறிவிட்டது. 'ஸ்டீயரிங் சாமானத்துல வெல்டிங் வெக்கறவன் பட்டறை நடத்தப்படாதுங்க. கழுத்தறுத்த பாவம் வரும். விரிசல்னா தூக்கிப் போட்டுட்டு வேற தேடணும், அவ்ளோதான்.'

தண்டு குரோம் வேலைக்குப் போனது. சீல் உட்காருகிற இடத்தை மட்டும் நூலளவு குறைத்து, அதன் மேல் கெட்டிக் குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்டிங் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டு வருவார்கள். மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளில் உங்களுக்கு வேறு ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்று ஒரு கம்பெனி. பணக்காரர்களுக்கு கார் செய்தார்கள், லாரியும் செய்தார்கள். அங்கே லாரிப் பிரிவில் எஞ்சினியராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். கனமான வண்டிகளைத் திருப்ப டிரைவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர். வேலையை விட்டு வந்து, எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற ஒரு பெட்டியைச் செய்தார். 1926ல் அதை ஒரு காரில் மாட்டிப் பெரிய கம்பெனிகளுக்கு ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. 1934ல் செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டது. பிறகு உலகப் போர் வந்தது, ராணுவ வண்டிகளுக்கு அந்தப் பெட்டி தேவைப்பட்டது. சாதாரணமாக விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக வந்தது 1951ல், கிரைஸ்லர் இம்பீரியலில். அந்தக் கம்பெனி டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை வைத்தே அதைச் செய்தது. லாரிக்காரனின் தோள்வலியைப் பார்த்துப் பிறந்த சமாச்சாரம், சொகுசு கார் வாங்குகிற சீமான்களுக்குப் போய்ச் சேர்ந்தது முதலில்! நம் ஊர் லாரிக்கு அது பரவலாக வந்து சேர்ந்தபோது மாமாவின் தோள் தேய்ந்து முடிந்திருந்தது. இப்போது அந்தப் பெட்டியை இங்கே பக்கத்தில் விராலிமலையிலேயே செய்கிறார்கள். கதையை மாமாவிடம் சொன்னேன். 'அந்தாளு நல்லாருக்கட்டும்' என்றார். டேவிஸ் காலமாகிப் பல வருடம் ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தண்டு கண்ணாடி மாதிரி வந்தது. நகம் எங்கேயும் தட்டவில்லை. அழுத்தம் தாங்குகிற சீல் செட் சென்னையிலிருந்து பார்சலில் வந்திருந்தது. தண்டின் வரிப்பல் கூர்மையில் சீல் கிழியாமலிருக்க, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, எண்ணெய் தடவி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி மெதுவாக இறக்கினார். பெட்டியின் மேலே ஒரு திருகு உண்டு. ஸ்டீயரிங் ஆட்டத்தைக் குறைக்க அதை இறுக்கலாம். இந்தத் திருகில் கை வைக்காத மெக்கானிக்கே கிடையாது. கொஞ்சம் கூட இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, பல்லும் போகும். மேஸ்திரி அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் தொட்டார்.

முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, எஞ்சினைப் போடாமலே மாமாவைத் திருப்பச் சொன்னார். இந்தக் கோடி, அந்தக் கோடி, இருபது தரம். உள்ளேயிருக்கிற காற்று வெளியே போக வேண்டும். ஆயில் டப்பாவில் நுரை நுரையாகக் குமிழி வந்து, பிறகு அடங்கியது. அதற்கப்புறம்தான் எஞ்சின்.

'ஐயா, ஒண்ணே ஒண்ணு. ஸ்டீயரிங்க முழுக்க ஒடிச்சு அப்படியே புடிச்சு நிக்காதீங்க. பம்பு முட்டி அழுவும். ஒரு நூல் திருப்பி விட்டுருங்க.'

பில் பதினோராயிரத்து நானூறு. அதில் சீலும் குரோமும் போக அவருடைய கூலி எவ்வளவு என்று மாமா கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு ஐந்நூறு சேர்த்துக் கொடுத்தார். மேஸ்திரி அதை ஆயில் கழுவிய பையன் கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது மாமாதான் ஓட்டினார். பட்டறை வாசலில் ஒரு டேங்கர் லாரிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. இடது கையால் ஒரு சுற்று, வலது கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மேஸ்திரியிடம் காட்டினோம். ஆயில் அதே கோட்டில் இருந்தது. மாமா இன்னும் நம்பாமல் தினமும் ராத்திரி காருக்குக் கீழே பழைய பேப்பரை விரித்து வைக்கிறார். காலையில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து படிக்கவும் செய்கிறார் என்று அத்தை புகார் சொன்னார்.

செவ்வாயும் வெள்ளியும் பென்ஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறது. மகன் பெங்களூரிலிருந்து ஆட்டோமேடிக் கார்களின் படங்களை வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். மாமா ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலைப் போட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறார்.